என் ரீடருக்கு மட்டும் வந்த போஸ்ட்

எங்க தெருவுல ஒரு பொண்ணுக்குப் பேய் புடிச்சிருச்சுன்னு வேப்பிலை அடிக்க வெளியூர்ல இருந்து ஆளைக் கூட்டிட்டு வந்தப்ப, நடுவுல பூந்து, அவளுக்கு ஒடம்புல ரத்தமே இல்ல, முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சண்டை போட்டவ நான். ஆஸ்பத்திரியிலயும் நான் சொன்னதைத்தான் சொன்னாங்க, மாத்திரை குடுத்தாங்க, இப்ப நல்லா இருக்கா, ரெண்டு புள்ளைங்க. உச்சிவேளையில புளியமரத்தாண்ட போவாதே, ஈரத்தலையோட வாசல்ல நிக்காதே, இதையெல்லாம் நான் ஒரு நாளும் மதிச்சதில்ல, எங்க மாமியார் இருந்த வரைக்கும் எனக்கும் அவங்களுக்கும் சண்டையே அதுலதான் வரும். இதை ஏன் முன்னாடியே சொல்றேன்னா, இப்ப நான் சொல்லப் போறதைக் கேட்டுட்டு, சரி இவளும் அந்த மாதிரி ஆளுதான்னு நீங்க முடிவு கட்டிடக் கூடாது.

பிளவுஸ் அளவு குடுக்க வந்தீங்க, வந்த இடத்துல என் ஃபோனைப் பார்த்துட்டு இது இன்னா ஆப்புன்னு கேட்டுட்டீங்க. கேட்டுட்டீங்கல்ல, அப்ப முழுசாக் கேட்டுட்டுத்தான் போவணும். இதுக்குப் பேரு ஃபீட் ரீடர். நமக்குப் புடிச்ச சைட்டு எதெதுன்னு நாமளே இதுல சேர்த்து வச்சிட்டா, அந்தச் சைட்டுக்காரங்க புதுசா எது எழுதினாலும் தானா இங்க வந்து விழும். பேப்பர் போடுற ஆளு வாசல்ல பேப்பர் போட்டுட்டுப் போவாரே, அந்த மாதிரி. படிக்காதது தடிச்ச எழுத்துல இருக்கும், படிச்சிட்டா எழுத்து மெலிஞ்சிடும், அவ்ளோதான் விஷயம். நடுவுல எவனும் உட்கார்ந்துகிட்டு உனக்கு இதைக் காட்டுறேன் அதைக் காட்ட மாட்டேன்னு சொல்ல முடியாது. மத்த ஆப்புல பாருங்க, நான் கேட்டது ஒண்ணு, அவன் காட்டுறது ஒண்ணு, ஆடு வளர்ப்புன்னு தேடினா கிரைண்டர் விளம்பரம் வருது, எனக்கு வர்ற கோவத்துக்கு ஃபோனைத் தூக்கி உப்பங்கழியில போட்டுடலாம்னு இருக்கும்.

குயிலாப்பாளையத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல நான் ஆபீஸ் வேலை பார்த்தப்ப, அங்க தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மாதான் இதைச் சொல்லிக் குடுத்தாங்க. வேலையை விட்டும் ரீடரை விடலை. பிளவுஸ் கட்டிங் சைட்டு ஒண்ணு வச்சிருக்கேன், ஆடு வளர்ப்பு ஒண்ணு, கோட்டக்குப்பத்துல இருந்து கல்யாணம் ஆகி துபாய்க்குப் போன ஒரு பாய் வீட்டு அக்கா சமையல் எழுதுவாங்க அது ஒண்ணு, அப்புறம் மழை வாத்தியார்.

மழை வாத்தியார்னு நாங்க வச்ச பேரு. நிஜப் பேரு வேணாம், அந்த ஆளு மேல எனக்கு இன்னும் கோவம் தீரலை, ஆனா பேரைச் சொல்லிக் கேவலப்படுத்துற அளவுக்கு நான் போவ மாட்டேன். மேற்கால எங்கியோ ஒரு ஊர்ல ஸ்கூல் வாத்தியார், மேகம், காத்து, மழை எல்லாம் கணக்குப் போட்டு அழகாத் தமிழ்ல எழுதுவாரு. எங்களை மாதிரி உப்பளத்துக்காரங்களுக்கு அது சாமி வாக்கு மாதிரி. ஏன்னா நாங்க வாரிக் குவிச்ச உப்பு, அம்பாரம்னு சொல்லுவோம், அது கரை மேல திறந்த வெளியில கிடக்கும். கோடையில திடீர்னு ஒரு மழை அடிச்சா, மாசக்கணக்கா வெயில்ல காஞ்சு வாரினது கண்ணு முன்னாடியே கரைஞ்சு பாத்திக்கே திரும்பிப் போயிடும். எங்க வீட்டுக்காரரு ஏழுமலை நாலு பாத்தி குத்தகைக்கு எடுத்து ஓட்டுறாரு. வாட்ஸ்அப்புல மழை ஃபார்வர்ட் வந்தா நான் எடுத்த எடுப்புல கேக்கறது யாரு சொன்னது, எங்க எழுதியிருக்குதுன்னுதான். புயல் வருது சுனாமி வருதுன்னு எவனோ கிளப்பி வுட்டதை எல்லாம் பொய்யின்னு காட்டிக் குரூப்புல எத்தினி பேர் வாயை அடைச்சிருக்கேன். அதனால உப்பளத்துல எம்பேச்சுக்கு ஒரு மரியாதை இருந்துச்சு. ஜெயந்தி ரீடர்ல பார்த்துச் சொன்னா சரியா இருக்கும்னு அங்க உப்பு வார்ற அஞ்சலை அக்காவே சொல்லும், அது யாரையும் லேசுல நல்லா சொல்லாது.

எங்க உப்புக் களத்துல ஒரு வழக்கம் உண்டு, அதை நீங்க தெரிஞ்சிக்கணும். மழை வரப் போவுதுன்னு முதல்ல தெரிஞ்சவங்க கூவணும். கூவிட்டா, பேச்சுவார்த்தை இல்லாதவன், வரப்புத் தகராறுல கோர்ட்டுக்குப் போனவன், யாரா இருந்தாலும் கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடியாரணும். கூவினவங்களுக்குக் கிட்ட இருக்கிற அம்பாரத்துல இருந்து ஆரம்பிச்சு வரிசையாத் தார்ப்பாய் போட்டு மூடிக்கிட்டே போவணும், என்னுது உன்னுதுன்னு பார்க்கக் கூடாது. மழை வரலைன்னா கூவினவங்க மறுநாள் ஓடியாந்த எல்லாருக்கும் டீ கொண்டாந்து ஊத்தணும். பொய்க் கூப்பாட்டு டீன்னு பேரு. அந்த டீயை ஊத்தறதை விட நாக்கைப் புடுங்கிக்கலாம், அவ்ளோ மானக்கேடு.

அன்னைக்குச் சித்திரை வெயிலு மண்டையைப் பொளக்குது. சாப்பிட்டுட்டுத் தையல் மிஷினாண்ட உட்கார்ந்து ரீடரைத் திறந்தேன், வாத்தியார் பேர்ல புதுப் போஸ்ட் தடிச்ச எழுத்துல மேல நிக்குது. எப்பவும் போல அன்பு நண்பர்களேன்னு ஆரம்பிச்சிருந்துச்சு. 'மரக்காணம் உப்பளத்தில் இருப்பவர்கள் உடனே குவியல்களை மூடுங்கள். மேற்கிலிருந்து பலத்த காற்றுடன் மழை வரும். தெற்கு மோட்டார் கொட்டகையில் யாரும் ஒதுங்க வேண்டாம்.' அவ்ளோதான் இருந்துச்சு, எப்பவும் மேப்பு படம் போடுவாரு, இதுல படமில்ல. அவசரத்துல போட்டிருப்பாருன்னு நினைச்சேன். உடம்பு சிலிர்த்துச்சு கிலிர்த்துச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், ஒண்ணும் ஆகலை, ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு நேரா களத்துக்குப் போயி கூவினேன்.

ஓடியாந்தாங்க. அத்தனை பேரும் ஓடியாந்தாங்க, அதை நான் மறுக்க மாட்டேன். எங்க பங்காளி தனபாலு, வரப்புத் தகராறுல எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசறதில்ல, எனக்குக் கொழுந்தன் முறை, அவன் கூட சாப்பிட்ட கையோட வந்து தார்ப்பாயைப் புடிச்சான். மூடி முடிச்சிட்டு இடுப்புல கையை வச்சிக்கிட்டு எல்லாரும் வானத்தைப் பார்த்தோம், கழுவி வச்ச எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்குது, ஒரு துண்டு மேகம் இல்ல. பார்த்தோம், பார்த்தோம், பொழுது சாஞ்சிடுச்சு. அன்னைக்கு உப்பு வார வேண்டிய வேலையும் போச்சு.

தனபாலு என்னாண்ட வந்து, எங்க அண்ணி அந்த போஸ்ட்டு, காட்டுங்க பார்ப்போம்னான். காட்டினேன். எல்லாரும் சுத்தி நின்னு படிச்சாங்க. அவன் லேசுப்பட்டவன் இல்ல, இதை அவரு சைட்டுல திறந்து காட்டுங்கன்னான். ரீடர்ல ஒவ்வொரு போஸ்ட்டுக்குக் கீழயும் சைட்டுல பார்க்கன்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினேன், அப்படி ஒரு பக்கமே இல்லைன்னு வந்துச்சு. சைட்டு முழுக்கத் தேடிட்டேன், அன்னைக்கு அவரு எதுவுமே எழுதலை. என் ரீடர்ல இருக்குது, அவரு சைட்டுல இல்ல.

"மேற்கால கெடக்குற வாத்தியாருக்கு நம்ம தெற்கு மோட்டார் கொட்டா எப்படி அண்ணி தெரியும்?" அப்படின்னான் தனபாலு. அப்பத்தான் எனக்கே உறைச்சுது. நான் பதில் யோசிக்கிறதுக்குள்ள அவனே, "நீங்களே அடிச்சுப் போட்டுக்கினீங்களா?"ன்னான், எல்லாரும் சிரிச்சிட்டாங்க. என் வீட்டுக்காரரு சிரிக்கலை, ஆனா தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு, அது சிரிச்சதை விட மோசம்.

நான் விடுவேனா? வாத்தியாருக்கு மெயில் போட்டேன், ஐயா நீங்க எழுதினது எங்களுக்கு வந்துச்சு, ஏன் எடுத்துட்டீங்கன்னு மரியாதையாத்தான் கேட்டேன். அந்த ஆளு எனக்குப் பதில் போடலை. அதுக்குப் பதிலா சைட்டுல ஒரு போஸ்ட்டு போட்டாரு பாருங்க, 'மரக்காணம் பகுதியில் சிலர் என் பெயரில் வதந்தி பரப்புகிறார்கள், நான் அப்படி எதுவும் எழுதவில்லை, நம்ப வேண்டாம்'னு. வதந்தியாம். யாரு, நானு. ஊர்ல வர்ற ஒவ்வொரு ஃபார்வர்டையும் எதிர்த்து மல்லுக்கு நின்னவ வதந்தி பரப்புறேனாம். அந்தப் போஸ்ட்டும் எங்க வந்து விழுந்துச்சு, என் ரீடர்லதான் வந்து விழுந்துச்சு, எழுதவே இல்லைன்னு சொன்ன போஸ்ட்டுக்கு நேர் மேல வந்து உட்கார்ந்துச்சு. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிஞ்சுது.

சரி, வழக்கம்னு ஒண்ணு இருக்குதே. மறுநாள் டீ போட்டேன். பால்ல தண்ணி கலக்காம, இஞ்சி தட்டிப் போட்டு, கேவலப்பட்டாலும் டீயில குறை சொல்லக் கூடாதுன்னு வீம்பாவே போட்டேன். வந்தது எத்தினி பேருன்னு எனக்குத் தெரியும், என்னையும் சேர்த்துத்தான் அளந்து கேன்ல ஊத்திக்கிட்டுப் போனேன், பேப்பர் கப்பு மட்டும் ஒண்ணு ரெண்டு கூட இருந்துச்சு. வரிசையா ஊத்திக்கிட்டு வர்றேன், ஒவ்வொருத்தியும் ஒரு பேச்சு, மழை டீ நல்லா இருக்குது ஜெயந்தின்னு, இந்த மழைக்கு பஜ்ஜி இருந்தா நல்லா இருக்கும்னு. கடைசியில எனக்குன்னு கேனைக் கவுத்தா சொட்டு இல்ல. எவனோ ரெண்டு தடவை வாங்கியிருக்கான்னு நினைச்சேன். ஆனா கேட்டா அதுக்கு வேற சிரிப்பாங்க, கூவின கூவலுக்கு டீயும் இல்லாமப் போச்சாடின்னு. அந்தச் சந்தோஷத்தை இவங்களுக்கு நான் குடுக்கிறதா இல்ல. அதனால கையில இருந்த காலி கப்பை வாயில வச்சு, ஊதி ஊதிக் குடிக்கிற மாதிரி பாவலா பண்ணிக்கிட்டு நின்னேன். கேக்க சிரிப்பா இருக்குதில்ல உங்களுக்கு? எனக்கு அன்னைக்கு அழுகை முட்டிக்கிட்டு நின்னுச்சு.

குடிச்ச கப்பையெல்லாம் நானே பொறுக்கிப் பையில போட்டேன், உப்புல குப்பை சேரக் கூடாது. அப்பப் பார்க்கிறேன், தெக்கால மோட்டார் கொட்டா வாசப்படி மேல ஒரு கப்பு இருக்குது. அந்தப் பக்கம் யாரும் போவலை, எல்லாரும் இந்தாண்ட கரையிலதான் நின்னாங்க. வேற நேரமா இருந்தா யோசிச்சிருப்பேன், நான் இருந்த ஆத்திரத்துல, எவன்டா அங்க போயி வச்சது, எடுத்துப் போட ஒரு ஆளா உங்களுக்குன்னு கத்திட்டு நானே போயி எடுத்தேன். டீத்தூள் கூட ஒட்டாம சுத்தமாக் குடிச்சிருந்துச்சு. நான் இல்ல, நான் இல்லன்னாங்க. அதையும் நடிப்புன்னுதான் நினைச்சேன்.

அதுக்கப்புறம் களத்துல அந்த மோட்டார் கொட்டா ஒரு பெரிய தமாஷா ஆயிப் போச்சு. அந்தக் கொட்டா பழசு, சுவரு செங்கல்லு, மேல சிமெண்ட் ஷீட்டு, அங்க சுத்து வட்டத்துல நிழல்னு இருக்கிறது அது ஒண்ணுதான். வெயிலுக்கும் அங்கதான் ஒதுங்குவாங்க, மழை வந்தாலும் அங்கதான். இப்ப யாராச்சும் அந்தாண்ட ஒரு எட்டு வச்சா போதும், "டேய், அங்க ஒதுங்காதே, வாத்தியார் வேணாம்னு சொல்லியிருக்காரு"ன்னு இங்க இருந்து ஒருத்தன் கத்துவான், மொத்தக் களமும் சிரிக்கும். அஞ்சலை அக்கா வெத்தலை போட உட்காரப் போனா கூட சொல்லுவாங்க. பொம்பளைங்க ஒதுங்கப் போனா அதுக்கு வேற மாதிரி சொல்லுவாங்க. என் காது படத்தான் சொல்லுவாங்க. நுணலும் தன் வாயால் கெடும்னு என் வீட்டுக்காரரே ஒரு நாள் சொன்னாரு, அன்னைக்கு ராத்திரி அவருக்கு நான் சோறு போட்டேன், குழம்பு ஊத்தலை.

எனக்குப் பெரிய கவலை டீயோ சிரிப்போ இல்லைங்க. நாளைக்கு நிஜமாவே மழை வந்து நான் கூவினா எவனும் வர மாட்டான். களத்துல எம்பேச்சு செத்துப் போச்சு. பேச்சு செத்தவ கரையில நின்னு எவ்ளோ கத்தினாலும் அம்பாரம் கரையத்தான் செய்யும், அது ஒரு ஆளோட உப்பு இல்ல, எல்லாரோட உப்பு. அதை நினைச்சுத்தான் எனக்குத் தூக்கம் போச்சு.

வைகாசியில ஒரு நாளு, நான் களத்துக்குச் சோறு எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். அன்னைக்குக் காலையிலதான் வாத்தியார் எழுதியிருந்தாரு, இந்த வாரம் கடலோரத்துல வறண்ட வானிலைன்னு. சோத்தைக் குடுத்துட்டுக் கரை மேல உட்கார்ந்து ரீடரைத் திறக்கிறேன், அந்தப் பழைய போஸ்ட்டு, நான் படிச்சு மெலிஞ்சு போன போஸ்ட்டு, எல்லாத்துக்கும் மேல தடிச்ச எழுத்துல வந்து நிக்குது. எழுதினவங்க அதைத் திருத்தினா அப்படி மேல வரும், அது ரீடர்ல சகஜம்தான். ஆனா இல்லாத பக்கத்தை எவன் திருத்துவான்? திறந்து பார்த்தேன், அதே வார்த்தைதான், ஒண்ணும் மாறலை. பட்டனை அமுக்கினேன், அப்படி ஒரு பக்கமே இல்ல.

நான் பயந்தேன்னு நினைப்பீங்க. எனக்கு வந்தது கோவம். ஒரு தடவை என்னை ஊர் சிரிக்க வச்சது போதாதா, இன்னொரு தடவையுமான்னு ஃபோனைப் பார்த்தே திட்டினேன். வானத்தைப் பார்த்தேன், வெள்ளையா எரியுது. ஃபோனை மூடி மடியில வச்சேன், திரும்ப எடுத்தேன். அப்புறம் எழுந்திரிச்சு நின்னு, வர்றது வரட்டும்னு அடிவயித்துல இருந்து கூவினேன்.

ஒருத்தன் எழுந்திரிக்கலை. தனபாலு சோத்துப் போசியை மடியில வச்சிக்கிட்டு, "அண்ணி, நாளைக்கு டீ கூட ரெண்டு வடை சேர்த்துக் கொண்டாங்க"ன்னான். என் வீட்டுக்காரரு கிட்ட வந்து, "வாயை மூடு ஜெயந்தி, மானம் போவுது"ன்னாரு. நான் திரும்பிப் பார்க்கலை. எனக்குக் கிட்ட இருந்தது யாரோட அம்பாரம் தெரியுமா, தனபாலுவோடது. வழக்கம்னா வழக்கம்தானே. அவன் தார்ப்பாயை எடுத்து அவன் உப்பு மேல நான் ஒண்டியா இழுத்துப் போட ஆரம்பிச்சேன், காத்தே இல்லாத வெயில்ல, புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு, வாயில வந்த வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டிக்கிட்டே இழுத்தேன். அவனுக்கே ஒரு மாதிரி ஆயிருக்கும் போல, விடுங்க அண்ணின்னு எழுந்து வந்தான். வந்து தார்ப்பாயோட அந்த முனையைப் புடிச்சவன், எனக்குப் பின்னாடி மேற்கால பார்த்தான், பார்த்துட்டு அவனும் கூவினான்.

அப்புறம் சொல்லவே வேணாம். மேற்கால இருந்து கருப்பா எழும்பி வந்துச்சு, மண்ணை வாரிக்கிட்டுக் காத்து முன்னாடி வந்துச்சு. எல்லாரும் ஓடினோம், யாரு அம்பாரம்னு பார்க்காம இழுத்துப் போட்டோம், கல்லு வச்சோம். கடைசியில இருந்த ரெண்டு மூணு குவியலுக்குப் போறதுக்குள்ள மழை புடிச்சிக்கிச்சு, அது போச்சு, மத்ததெல்லாம் நின்னுச்சு.

மழைன்னா கண்ணைத் திறக்க முடியாத மழை. வழக்கமா அந்த மாதிரி நேரத்துல எல்லாரும் எங்க ஓடுவாங்க, மோட்டார் கொட்டாவுக்குத்தான். அஞ்சலை அக்கா தலையில கூடையைக் கவுத்துக்கிட்டு அந்தாண்ட ஓட ஆரம்பிச்சுது, பின்னாடியே நாலு பொம்பளைங்க. தனபாலு மழையில நின்னுக்கிட்டு, "யக்கா, அங்க ஒதுங்காதே, வாத்தியார் திட்டுவாரு"ன்னு கத்தினான். சும்மா பழக்கத்துலதான் கத்தினான், அந்த மழையிலயும் அந்தப் பொம்பளைங்களுக்குச் சிரிப்பு வந்திருச்சு, சிரிச்சிக்கிட்டே திரும்பி வந்து அம்பாரத்து ஓரமாத் தார்ப்பாயைத் தூக்கி அதுக்கடியில எங்களோட பூந்துக்கினாங்க. உப்பு மேல முதுகை வச்சு எல்லாரும் ஒண்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கும் தனபாலுவுக்கும் நடுவுல அஞ்சலை அக்கா இன்னும் சிரிச்சிக்கிட்டு இருந்துச்சு.

அப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு. இடின்னுதான் நினைச்சோம். காத்து கொஞ்சம் அடங்கின பொறவு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தா, கொட்டா இருந்த இடத்துல கொட்டா இல்ல. மேற்குச் சுவரு அப்படியே உள்பக்கமா சாஞ்சு, ஷீட்டு மொத்தமும் அது மேல எறங்கி, மோட்டாரே தெரியலை. அஞ்சலை அக்கா எப்பவும் உட்கார்ற மூலையில என் இடுப்பு உசரத்துக்குச் செங்கல்லு. சிரிப்பு நின்னு போச்சு, யாரும் யார் மூஞ்சியையும் பார்க்கலை.

நீங்க சொல்லுங்க, இதுக்கப்புறமாச்சும் எவனாச்சும் என்னாண்ட வந்து, ஜெயந்தி, உன்னைத் தப்பாப் பேசிட்டோம், மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை சொல்லணுமா வேணாமா? சொல்லலைங்க. ஒருத்தன் சொல்லலை. தனபாலு அம்மனுக்குப் பொங்கல் வச்சான். நல்லா கேளுங்க, அம்மனுக்கு. அவன் உப்பை மூடினது நானு, பொங்கல் அம்மனுக்கு. நான் வாய் விட்டே கேட்டேன், ஏன்டா தனபாலு, அந்தப் போஸ்ட்டுல என்ன இருந்துச்சுன்னு இப்பவாச்சும் யோசிச்சியான்னு. "அது பழைய சுவரு அண்ணி, விழ வேண்டியதுதான், காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை"ன்னுட்டுப் போயிட்டான். அவங்க சிரிச்ச சிரிப்புதான் அஞ்சலை அக்காவை அந்தக் கொட்டாவுக்குள்ள போவ விடாம நிறுத்துச்சுன்னு எத்தினி தடவை சொல்லிட்டேன், அந்த அக்கா கூட ஆமான்னு தலையாட்டிட்டு, எல்லாம் ஆண்டவன் செயல்ங்குது. வாத்தியாருக்கு நடந்தது மொத்தத்தையும் எழுதி மெயில் அனுப்பினேன். தற்செயல், தகவலுக்கு நன்றின்னு ஒரு வரி போட்டாரு. வதந்தின்னு எழுதினதை மட்டும் இன்னி வரைக்கும் சைட்டுல இருந்து எடுக்கலை.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. இதை யாரும் நம்ப மாட்டாங்கன்னு தெரியும், உங்க மூஞ்சியிலயும் தெரியுது, பரவால்ல. அந்த மழை நாளு சாயங்காலம் வீட்டுக்கு வந்து துணி மாத்திட்டு, ஃபோன் நனைஞ்சிருச்சான்னு துடைச்சுப் பார்த்தேன். ரீடரைத் திறந்தா அந்தப் போஸ்ட்டு மறுபடியும் தடிச்ச எழுத்துல மேல இருக்குது. மத்தியானம்தான் படிச்சேன், படிச்சது மறுபடியும் படிக்காததா ஆயிருக்குது. திறந்தேன். எல்லாம் பழைய வார்த்தைதான், கடைசியில மட்டும் ஒரு வரி கூட இருந்துச்சு. 'டீ நன்றாக இருந்தது. உங்களுக்கு இல்லாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும்.'

கொட்டா வாசப்படி மேல இருந்த அந்தக் கப்பு, எல்லாம் ஒரே நேரத்துல எனக்கு ஞாபகம் வந்துச்சு. ஃபோனை என் வீட்டுக்காரர்கிட்ட நீட்டினேன். அவரு எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சாரு, படிச்சிட்டு நெத்தியைச் சுருக்கிக்கிட்டு என்னைப் பார்த்தாரு.

"உனக்கு இல்லாமப் போச்சா? நீ ஊதி ஊதிக் குடிச்சியே, நான்தான் பார்த்தனே" அப்படின்னாரு.

அன்னைக்கு என் கையில இருந்த கப்பு காலின்னு எனக்கு மட்டும்தான் தெரியும். நான் யாருக்கும் சொன்னதில்ல, கட்டின புருஷனுக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அந்தப் போஸ்ட்டு மேல வந்ததில்ல, கீழ எங்கியோ கிடக்குது, நான் அழிக்கவும் இல்ல, தேடிப் போயி திறக்கவும் இல்ல. ஊரெல்லாம் என்னைத் தப்பாப் பேசிட்டு ஒருத்தனும் மன்னிப்புக் கேக்கலைங்க. கேட்டது அது ஒண்ணுதான். அது யாருன்னு மட்டும் எனக்குத் தெரியலை.